நாலு மணிக்குக் கரை சேர்ந்த கயாக்

அத்தியாயம் 9

"பாஸ், தண்ணியிலேர்ந்து திரும்பி வந்தவளைத் தரையில தேடியாச்சு. தரையில இல்ல. மிச்சம் இருக்கிறது ஆகாசம்தான். ஏணி கொண்டாரட்டுமா?"

உதவியாளன் டூகி இதைச் சொன்னபோது அவன் வாய்க்குள் பாதி ரொட்டி இருந்தது. மீதி பாதி கையில், வறுத்த பன்றி இறைச்சியோடு. இஷ்பெல் மக்கெக்னி சிரிக்கவில்லை. படகுத்துறைச் சுவரில் அறைந்திருந்த பலகையை விட்டு அவள் கண் நகரவில்லை.

ஆர்ட்வெய்லில் கடலுக்குப் போகிறவர்கள் அந்தப் பலகையைத் தொடாமல் போவதில்லை. இருபத்துநான்கு ஆணிகள். ஆணிக்கொரு பித்தளை வில்லை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. சிவப்பு தெரிந்தால் ஆள் கடலில். வெள்ளை தெரிந்தால் ஆள் கரையில். மேல் வரிசைகள் ஊர்க்காரர்களுக்கு, கடைசி வரிசை வெளியூர்க்காரர்களுக்கு. பொழுது சாய்ந்த பிறகும் ஒரு சிவப்பு மிச்சம் இருந்தால் யாராவது மீட்புப் படகுக்குப் போன் செய்துவிடுவார்கள்.

பதினோராம் எண் மட்டும் கணக்கில் சேராது. ஒன்பது வருஷமாக அது சிவப்பாகவே தொங்குகிறது. திருப்ப யாருக்கும் கை வரவில்லை. அது இஷ்பெல்லின் கணவன் ஹேமிஷின் வில்லை. அந்த மூலையைப் பார்க்காமலே பலகையைப் பார்க்க அவள் பழகியிருந்தாள். ஓபன் நகரத்துக்குக் குடிபோய், தொலைந்தவர்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலை அவள் ஆரம்பித்ததும் அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான். அவள் தேடியவர்கள் எல்லாரும் தரையில் தொலைந்தவர்கள். கடல் வழக்கு என்றால் இதுவரை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறாள்.

இதுவும் தரை வழக்கு என்றுதான் வந்திருந்தாள்.

யோலைன் டெக்கர், இருபத்தெட்டு வயது, ரோட்டர்டாம்காரி. நேற்றுக் காலை பதினோரு மணிக்கு இருபத்திரண்டாம் வில்லையைச் சிவப்பாக்கிவிட்டு, கயாக் என்னும் குறுகிய நீலநிறத் துடுப்புப் படகில் தனியாகக் கிளம்பினாள். சாயங்காலம் வில்லை வெள்ளையாக இருந்தது. கயாக் மேட்டில், மரச்சட்டத்தின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஆனால் கூடாரத்தில் அவள் இல்லை. கடலிலிருந்து வந்த பிறகு எங்கோ நடந்து போனவள் என்று முடிவு கட்டி, விடிந்ததிலிருந்து போலீஸ் நாய்கள் குன்றுகளில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன.

காலை ஏழு மணிக்கு யோலைனின் அம்மா போன் செய்திருந்தாள். அழுகை இல்லாத, களைத்துப் போன குரல். "போன வருஷம் அதே கடல்லதான் என் மகன் ரூபென் செத்தான். அவன் செத்த இடத்தைப் பாக்கத்தான் இவ வந்தா. அவன் கடைசியா எடுத்த போட்டோ ஒண்ணு வச்சிருக்கா. அதைப் பத்தி ஒருத்தரைக் கேக்கணும்னு சொன்னா. யாரைன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

அம்மா அனுப்பிய அந்தப் போட்டோவின் நகல் இப்போது இஷ்பெல்லின் போனில் இருந்தது. ஒரு கயாக்கின் வெள்ளை மேல்தட்டு. அதில் மெழுகுப் பென்சிலால் ஒரு நேரம்: 1.47. நீரோட்டம் திரும்பும் நேரத்தைக் கயாக்காரர்கள் இப்படிக் கண்ணெதிரே எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அது தப்பான நேரம். கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை வருஷம் முழுக்கக் குளிர்காலக் கடிகாரப்படிதான் அச்சாகிறது. கோடையில் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பதால் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எழுதியவர் கூட்டவில்லை. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு வேறு இருந்தது. டச்சுக்காரர்கள் ஏழை அப்படித்தான் எழுதுவார்கள். பையன் தன் இஷ்டத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு கூட்டத்தை விட்டுத் தனியாகப் போனான், நீரோட்டத்தில் மாட்டினான் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தை அழைத்துப் போன வழிகாட்டி ஃபார்கர் லமான்ட். ஹேமிஷோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"பாஸ், இதைப் பாருங்களேன்." டூகி நீலக் கயாக்கின் உட்காரும் பள்ளத்துக்குள் தலையை விட்டிருந்தான். ஆறடி இரண்டு அங்குல ஆள் அப்படிக் குனிந்தால் கயாக் அவனைத் தின்பது போல இருந்தது. "உள்ள யாரோ ஷேவிங் பண்ணியிருக்காங்க. பொடிப் பொடியா நரைமுடி. நாத்தம் வேற. யோலைனுக்குத் தாடி உண்டா?"

"வெளிய வா. ஆர்ச்சி வர்றார்."

சிவப்புத் தபால் வேன் துறைக்கு மேலே நின்றது. ஆர்ச்சி ஊர்த் தபால்காரர். படகிலிருந்து இறங்கும் தீவுத் தபாலை எடுக்கத் தினமும் நாலு மணிக்குத் துறைக்கு வருகிறவர். இன்று மூடுபனியால் படகு ரத்து. அதனால் மதியமே வந்திருந்தார்.

"ஆர்ச்சி, நேத்து நாலு மணிக்கு யோலைன் கரை ஏறினதைப் பாத்தீங்களா?"

"அவளைப் பாக்கல இஷ்பெல். படகைத்தான் பாத்தேன்."

"சட்டத்து மேலயா?"

"இல்ல, இங்க. தண்ணி ஓரமா மூக்கை நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. ஒதுங்கப் போயிருப்பான்னு நெனச்சேன். பொம்பளப் புள்ள எங்க போயிருக்கான்னு தேடிக்கிட்டா நிக்க முடியும்? தூக்கி மேல வச்சிட்டு என் பாட்டுக்குப் போயிட்டேன்."

இஷ்பெல் இருபத்திரண்டாம் வில்லையைப் பார்த்தாள். "வில்லையை யாரு திருப்பினது?"

"அதுவும் நான்தான். வெளியூர்க்காரங்க மறந்துடுவாங்கல்ல? சிவப்பா விட்டா ராத்திரி வீணா எல்லாரும் அலையணுமேன்னு..."

"இதை ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?"

"படகு திரும்பி வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னேன். நான் தூக்கி வச்சதை எதுக்குச் சொல்லணும்? நாம தூக்குறதுதானே?"

தூக்குவதுதான். இந்த ஊரில் தண்ணீர் ஓரத்தில் கிடக்கும் படகை யாரும் தாண்டிப் போவதில்லை. பகையாளியின் படகாக இருந்தாலும் தூக்கி மேட்டில் வைத்துவிட்டுத்தான் பகையைத் தொடர்வார்கள். யாரும் நன்றி சொல்வதும் இல்லை, எதிர்பார்ப்பதும் இல்லை. பதினெட்டு வருஷம் இங்கே வாழ்ந்தவள், இதைக் காலையிலேயே யோசித்திருக்க வேண்டும்.

டூகி மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்ப வந்தது படகு மட்டுந்தான்," என்றாள் இஷ்பெல். "அவ வரவே இல்ல."

ஆர்ச்சியின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ போயிற்று. வேன் சாவி கையிலிருந்து நழுவியது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"உள்ள தண்ணி இருந்துச்சா ஆர்ச்சி? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு சொட்டு இல்ல. உக்கார்ற இடம் காஞ்சு கிடந்துச்சு. அதனாலதானே சந்தேகமே வரல."

"கவுந்திருந்தா ரொம்பியிருக்கும். அவ கவுழல. ஏதோ ஒரு பாறையில இறங்கியிருக்கா. படகு அவளை விட்டுட்டு மிதந்து வந்திருக்கு." சொல்லும்போதே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து. "பாறையில ஆள் இன்னும் இருக்கலாம்."

"இன்னிக்கு மூணு மணி வரைக்கும் இருக்கலாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஃபார்கர் லமான்ட். மழைச்சட்டையும் லைஃப் ஜாக்கெட்டுமாக நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. "பாதி நிலா போய் மூணு நாள் ஆச்சு இஷ்பெல். நேத்து வரைக்கும் அந்தப் பாறைங்க தலை நனையல. இன்னிக்கு ஏத்தம் ஒரு அடி அதிகம். முழுகிடும்."

ஆர்ச்சி போனை எடுத்தார். மீட்புப் படகு வர ஐம்பது நிமிஷமாவது ஆகும். பனியில் ஹெலிகாப்டர் எழும்பாது. வந்தாலும் முப்பது பாறைகள் இருக்கின்றன, எந்தப் பாறை?

"நீர்க்காகப் பாறை," என்றார் ஃபார்கர், தயங்காமல். "வெளியூர்க்காரங்க அங்கதான் இறங்குவாங்க. பறவை எச்சத்துல வழுக்கும், நாறும். மீட்புப் படகை அங்க வரச் சொல்லு ஆர்ச்சி. நான் முன்னால போறேன். அவளைத் தூக்க எனக்கு ரெண்டு கை பத்தாது. ரெட்டைக் கயாக் இருக்கு. இஷ்பெல், நீ வர்றியா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷமாகக் குளியல் தொட்டியில்கூட நிறையத் தண்ணீர் பிடித்ததில்லை அவள்.

"பாஸ், நீங்க இருங்க. நான் போறேன்," என்றான் டூகி. கிண்டல் இல்லாத குரல்.

"உனக்குத் துடுப்பு எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"எந்தப் பக்கம் ரொட்டி இருக்கோ அதுக்கு எதிர்ப்பக்கம்."

அவள் ஹேமிஷின் மூலையைப் பார்க்காமல் பலகைக்குப் போய், இருபத்துமூன்றையும் இருபத்துநான்கையும் சிவப்பாக்கினாள். ஃபார்கர் தன்னுடைய ஆறாம் எண்ணைத் திருப்பினார்.

இரட்டைக் கயாக்கில் முன்னால் அவள், பின்னால் டூகி. தொடை இரண்டும் அந்தக் குறுகிய பள்ளத்தில் அடைபட்டதும் மூச்சு முட்டியது. ஃபார்கர் குனிந்து, டூகியின் நெஞ்சில் ஒரு வயர்லெஸ்ஸை மாட்டினார். பிறகு மெழுகுப் பென்சிலால் அவள் முன்னால் இருந்த வெள்ளைத் தட்டில் ஏற்றத்தின் உச்ச நேரத்தை எழுதினார். எப்போதும் செய்கிற காரியம், யோசிக்காமல் செய்தார். பென்சிலை அங்கேயே கயிற்றில் விட்டுவிட்டுத் தன் மஞ்சள் கயாக்கில் ஏறினார்.

துறை பத்துத் துடுப்புப் போடுவதற்குள் காணாமல் போயிற்று.

மூடுபனியில் கடலுக்கு விளிம்பு இல்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை, நடுவில் தண்ணீர் மட்டும் கறுப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. துடுப்பு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடியிலிருந்து எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அபத்தம் என்று தெரியும். தெரிந்தும் பல் கிட்டியது. முன்னே மஞ்சள் கயாக் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"டூகி, பேசிக்கிட்டே வாப்பா," என்று ஃபார்கரின் குரல் வந்தது. "சத்தம் கேட்டாத்தான் பின்னால இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"என்னைப் பேசுன்னு சொன்ன முதல் மனுஷன் நீங்கதான் சார். என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா உங்க மேல கேஸ் போடுவா."

அவன் பேசிக்கொண்டே வந்தான். அவன் மாமியாரின் சூப்பைப் பற்றி, கிளாஸ்கோவில் மழை நின்ற ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி. அவனும் பயந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. டூகி பயந்தால் வேகமாகப் பேசுவான்.

இடது பக்கம் ஒரு நண்டுக்கூட்டின் மிதவை கடந்து போனது. அதில் சிக்கியிருந்த பாசி, சீவிவிட்ட கூந்தல் மாதிரி, அவளுக்குப் பின்னால், ஊரைப் பார்த்து நீண்டிருந்தது. ஏற்றம். தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு படகை இங்கே விட்டால் நேராகத் துறையில் போய் நிற்கும்.

நேற்று?

அவள் துடுப்பு அரை நொடி காற்றில் நின்றது. நேற்று ஏற்றத்தின் உச்சம் இரண்டேகால். நாலு மணிக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாக வற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத கயாக் வெளிக்கடலுக்குத்தான் போயிருக்கும். துறைக்கு வந்திருக்கவே முடியாது.

யாரோ இழுத்து வந்திருக்கிறார்கள். நாலு மணிக்கு ஆர்ச்சி வருவார் என்று தெரிந்தவர். தண்ணீர் ஓரத்தில் படகைக் கண்டால் தூக்கி வைப்பார், சிவப்பு தொங்கினால் வெள்ளையாக்குவார் என்று தெரிந்தவர். அவரே தூக்கி வைத்திருந்தால், அவரே வில்லையைத் தொட்டிருந்தால், யாராவது பார்த்திருப்பார்கள். ஊரின் நல்ல குணத்தையே கூலியில்லாத ஆளாக வைத்து வேலையை முடித்துக்கொண்டவர். வெளியூர்க்காரனுக்கு இந்தப் புத்தி எட்டாது.

அவள் பார்வை தானாகவே கீழே இறங்கியது. வெள்ளைத் தட்டில் இன்றைய உச்ச நேரம்: 3.07.

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

ஃபார்கர் நார்வேயில் ஏழு வருஷம் வழிகாட்டியாக இருந்தார். அங்கேயும் ஏழை இப்படித்தான் எழுதுவார்கள், அங்கே பழகிய கை. போன வருஷம் ரூபெனின் படகில் நேரம் எழுதியதும் இதே கை. அன்றைக்கு ஒரு மணி கூட்ட மறந்ததும் இவர்தான். பையன் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. வழிகாட்டி சொன்ன நேரத்தை நம்பிப் போனான், செத்தான். பழியை அந்தக் குறுக்குக் கோடு அவன் தலையில் கட்டிவிட்டது. அந்தப் போட்டோவோடு அவன் அக்கா வந்து நின்றதும் நேற்று இவரிடம்தான்.

"...எங்க மாமா ஒருத்தர் சார், அறுபது வயசுல நீச்சல் கத்துக்கப் போனாரு," என்று பின்னால் டூகி தொடர்ந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த ஓலம் கேட்டது. இடது கைப் பக்கமிருந்து. பல பெண்கள் ஒன்றாக ஒப்பாரி வைப்பது போல நீண்டு, இழுத்து, தேய்ந்தது. கடல்நாய்கள். இது ஆகஸ்ட் மாதம். பாறைகளில் கிடந்து அவை முடி உதிர்க்கும் மாதம்.

கயாக்குக்குள் நரைமுடி, படகைப் பாறை மேல் இழுத்துப் போட்டபோது ஒட்டியது. பறவைக்கு முடி ஏது?

ஃபார்கர் நேரே நீர்க்காகப் பாறைக்குப் போய்க்கொண்டிருந்தார். மீட்புப் படகும் அங்கேதான் வரும். பெண் இடது பக்கம், கடல்நாய்ப் பாறையில் இருக்கிறாள். எல்லாரும் காலிப் பாறையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மூன்று மணி அடிக்கும்.

மஞ்சள் கயாக் எட்டுப் பத்து முழம்தான் முன்னால். கிசுகிசுத்தாலும் தண்ணீர் மேல் சத்தம் வழுக்கிப் போகும். அவள் கயிற்றிலிருந்து பென்சிலை உருவி, துடுப்பின் அகன்ற வெள்ளை நுனியில் எழுதினாள். எழுத்து கோணிற்று: இவன்தான். பேசாதே. துடுப்பைத் தோளுக்குமேல் தூக்கிப் பின்னால் காட்டினாள்.

"நீச்சல் வாத்தியாரு கேட்டாரு, யோவ், ஏன்யா இத்தனை வருஷம் கழிச்சுன்னு. அதுக்கு மாமா என்ன சொன்னாருன்னா..."

டூகியின் குரல் அறுந்தது. அவனை அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அவன் ஒரு சிரிப்புக் கதையை முடிக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

இருவரும் துடுப்பைச் சொட்டவிடாமல் இடது பக்கம் திருப்பினார்கள். பனி மஞ்சளை விழுங்கியது.

"டூகி?"

அவர்கள் மூச்சை அடக்கினார்கள்.

"என்னப்பா, பாதியில நிறுத்திட்டே? என்ன சொன்னாரு உங்க மாமா?"

குரலில் சிரிப்பு இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ஓலம் வந்த திசையைக் காதில் பிடித்துக்கொண்டு அவள் இழுத்தாள். தோள் எரிந்தது. பின்னால் டூகியின் மூச்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"இஷ்பெல்?" இப்போது சிரிப்பு இல்லை. "இஷ்பெல், வழி தப்பிட்டீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க. நான் வர்றேன்."

குரல் வலப்பக்கமா, பின்னாலா? பனியில் எதுவும் நிச்சயமில்லை. ஒருமுறை துடுப்புச் சத்தம் மிக அருகில் கேட்டது. அவள் கையை உயர்த்த, டூகி நிறுத்தினான். படகு சும்மா மிதந்தது. அந்தச் சத்தம் அவர்களைக் கடந்து, குறைந்து, போயிற்று. ஹேமிஷ் கடைசியாக இப்படித்தான் எதையோ கேட்டுக்கொண்டு இருந்திருப்பானோ என்று நினைத்தாள். நினைப்பை அங்கேயே அறுத்தாள். இப்போது அழுதால் சத்தம் வரும்.

திடீரென்று ஓலம் நின்றது. தொப் தொப்பென்று கனமான உடல்கள் தண்ணீரில் விழும் சத்தம். பாறை முழுகத் தொடங்கிவிட்டது, கடல்நாய்கள் இறங்குகின்றன. அவள் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட்டதில்லை.

பனிக்குள் ஒரு மனித உருவம் தண்ணீரின் மேல் நிற்பது போலத் தெரிந்தது. பாறை கண்ணுக்கே தெரியவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டு, உதடு நீலமாக, யோலைன் நின்றிருந்தாள். கயாக்கைக் கண்டதும் கை நீட்டவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தாள். இடுப்பு வரை தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"அவன் அனுப்பினானா?" குரல் என்று ஒன்று அவளிடம் மிச்சமில்லை, காற்றுதான் வந்தது.

"உங்க அம்மா அனுப்பினாங்க," என்றாள் இஷ்பெல்.

அந்தப் பெண்ணின் முகம் உடைந்தது. டூகி அவளைச் சட்டையோடு பிடித்து இழுத்துப் பின்தட்டில் கவிழ்த்துப் படுக்க வைத்தான். படகு தண்ணீர் மட்டத்துக்கு அமுங்கியது.

"தம்பி செத்த இடத்தைக் காட்டுறேன்னு நடுக்கடல்ல வந்து சேந்துக்கிட்டான்," என்று அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். "பூ வைக்கத் திரும்பினேன். பாக்கும்போது என் படகைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போறான். கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல."

மணி இரண்டு பதினைந்து. மூன்று பேரோடு இந்தப் படகு ஊர் போய்ச் சேராது. ஓர் அலை போதும். மீட்புப் படகு நீர்க்காகப் பாறைக்குப் போகிறது. அதை இங்கே கூப்பிட வயர்லெஸ் இருக்கிறது. ஆனால் அதில் பேசினால் கடலில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்.

"அவனுக்கும் கேக்கும் பாஸ்," என்று டூகி காதோடு சொன்னான். "எங்க இருக்கோம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். மீட்புப் படகுக்கு முன்னால அவன் வந்துடுவான்."

அவள் யோசித்தாள். அவனுக்கு வேண்டியது என்ன? யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். இவ்வளவு நேரமும் அவனுக்குத் துணையாக இருந்தது ஊரின் வாய் திறக்காத நல்ல குணம்தான்.

"கேக்கட்டும்," என்றாள். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

டூகி கழற்றிக் கொடுத்த வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்தியபோது அவள் குரல் நடுங்கியது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

"நான் இஷ்பெல் மக்கெக்னி. கடல்நாய்ப் பாறையில இருக்கேன். நீர்க்காகப் பாறை இல்ல, கடல்நாய்ப் பாறை. யோலைன் டெக்கர் உயிரோட என்கூட இருக்கா. அவ படகை இழுத்துக்கிட்டுப் போய்த் துறையில விட்டது ஃபார்கர் லமான்ட். அவ சொல்றா, நான் கேக்குறேன், இப்ப நீங்க எல்லாரும் கேக்குறீங்க. ஃபார்கர், நீயும் கேக்குற. இனி இந்தப் பக்கம் வந்து உனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல."

கரகரப்பு. யாரோ பொத்தானை அழுத்தி, ஒன்றும் பேசாமல் மூச்சு விடும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. டூகி துடுப்பைத் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டான். மூச்சு நின்றது.

பிறகு மீட்புப் படகுக்காரர்களின் குரல், பாதையை மாற்றுகிறோம் என்று. அதன் மேலேயே, அனுமதி கேட்காமல், துறையில் இருந்த வயர்லெஸ்ஸில் ஆர்ச்சி:

"இஷ்பெல்... அந்தப் புள்ள நெசமாவே இருக்காளா?"

"இருக்கா ஆர்ச்சி."

அவர் பொத்தானை விட மறந்துவிட்டார். ஒரு கிழவர் விம்முவதை அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்டது.

டூகி சட்டைப் பைக்குள்ளிருந்து ஈரமான கட்டி மிட்டாய் ஒன்றை எடுத்து யோலைனின் வாயில் வைத்தான். "கடிக்காதீங்க, ஊறட்டும். எங்க மாமா என்ன சொன்னாரு தெரியுமா? 'நேத்து என் பொண்டாட்டி படகு வாங்கியிருக்கா'ன்னாரு." அவள் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. எப்படியாவது அதை முடித்துவிட வேண்டியிருந்தது அவனுக்கு.

மூன்று மணிக்கு மீட்புப் படகு அவர்களைத் துறையில் இறக்கியபோது ஊரே அங்கே நின்றிருந்தது. யாரும் கை தட்டவில்லை. யோலைனைப் போர்வையில் சுற்றி மேலே கொண்டு போனார்கள். ஆர்ச்சி பலகைக்குப் போகவில்லை. தூரத்திலேயே நின்றார். இருபத்துமூன்றையும் இருபத்துநான்கையும் இஷ்பெல்லே வெள்ளையாக்கினாள்.

"அதோ," என்றார் யாரோ.

ஏற்றத்தின் கடைசித் தண்ணீரில், பனிக்குள்ளிருந்து, மஞ்சள் கயாக் மெதுவாக வந்தது. ஆள் இல்லை. துடுப்பும் இல்லை. துறைக் கல்லில் மூக்கை இடித்து, நின்று, லேசாக ஆடியது.

இந்த முறை யாரும் தூக்கப் போகவில்லை. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"கடல் எடுத்துக்கிச்சு," என்றார் மீட்புப் படகின் தலைவர், தொப்பியைக் கழற்றி. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என்ன இருந்தாலும் ஊர்க்காரன்.

இஷ்பெல் தண்ணீருக்குள் நடந்தாள். கணுக்கால், முழங்கால். குளிர் எலும்பில் ஏறியது. மஞ்சள் கயாக்கின் பள்ளத்துக்குள் கையை விட்டு, அடிவரை தடவினாள். வெளியே எடுத்தாள். விரல்களைப் பார்த்தாள்.

"டூகி, வந்து தொட்டுப் பாரு."

அவன் தொட்டான். அவன் முகத்தில் இருந்த கடைசிக் கேலியும் வடிந்தது. "காஞ்சிருக்கு பாஸ்."

அவள் கரையேறிப் பலகைக்குப் போனாள். தொப்பியைக் கழற்றியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோராம் எண்ணைக் கடந்து, ஆறாம் எண்ணில் அவள் விரல் நின்றது. சிவப்பைத் திருப்பினாள். பித்தளை மரத்தில் மோதி ஒரு முறை 'டக்'கென்றது. வெள்ளை.

"எல்லாரும் ஒண்ணாவே நில்லுங்க," என்றாள். "தனியா யாரும் வீட்டுக்குப் போகாதீங்க. அவன் கரைக்கு வந்துட்டான்."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். துறைக்கு மேலே பனிக்குள் அவர்களுடைய வீடுகள் இருந்தன. அந்த ஊரில் எந்தக் கதவும் பூட்டியிருப்பதில்லை.